தேங்காய்க்குக் காது கொடுப்பவர்

தேங்காய்க்குக் காது கொடுப்பவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. சந்தையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, நீங்கள் வாங்க நினைத்த காயைத் தூக்கிக் காதோரம் வைத்து, கண்ணை மூடி, ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை வேகமாகவும் ஆட்டி, நகத்தால் சுண்டி, மோதிரத்தால் தட்டி, மூன்று கண்களையும் முகர்ந்து, கடைசியில் 'ம்ஹூம்' என்று திரும்ப வைப்பாரே, அவர்தான். அவர் வைத்த காயை அப்புறம் நீங்கள் எடுப்பீர்களா? மாட்டீர்கள். அதில் ஏதோ குறை இருக்கிறது. என்ன குறை என்று கேட்டால், "அதெல்லாம் காது கேக்கணும்" என்பார். உங்களுக்கும் இரண்டு காது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் கணக்கில் அவை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்வதற்காக ஏற்பட்டவை.

தென்னை நிற்கிற கரை எதுவானாலும் இந்த இனம் அங்கே உண்டு. கொலம்பியாவின் கடலோரத்தில் இருக்கிற எங்கள் தொலூவில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. காரணம், எங்களுக்குத் தேங்காய் இல்லாமல் சோறு இறங்காது. முதல் பாலை அடுப்பில் ஏற்றி, எண்ணெய் பிரிந்து அடியில் பழுப்புப் பொருக்காகத் திரளும்வரை கிளறி, அதில் வெல்லத்தைப் போட்டு, இரண்டாம் பாலை ஊற்றி, அரிசியை வேகவிடுவோம். அந்தப் பொருக்குக்குத் தித்தோத்தே என்று பெயர். அதன் நிறத்தைப் பார்த்தே ஒரு வீட்டுப் பெண்ணின் குணத்தை எடைபோட்டுவிடுகிற ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் தேங்காய் தெரிந்தவர் என்று பேரெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் அந்தப் பேரைத் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

இவர்களிடம் ஒரு பொதுக் குணம் உண்டு. இவர்களில் யாரும் மரம் ஏறியதில்லை. மட்டை உரித்ததில்லை. துருவியைத் தொட்டதில்லை. பால் பிழிந்து கை ஓய்ந்ததில்லை. ஆனால் இவர்கள் பக்கத்தில் நின்று சொல்லாமல் ஒரு தேங்காயும் ஒழுங்காக உடைந்ததாகச் சரித்திரம் கிடையாது. நீங்கள் நடுவில் அடித்தால் கண்ணுக்குப் பக்கத்தில் அடி என்பார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் அடித்தால் திருப்பிப்போட்டு அடி என்பார்கள். அடிக்காமல் முதலில் அடுப்பு அனலில் காட்டினால், உள்ளே தண்ணீர் கசந்துபோகும் என்பார்கள். காட்டாமல் அடித்தால், காட்டியிருந்தால் ஓடு தானாகக் கழன்றிருக்குமே என்பார்கள். காய் சரிபாதியாகப் பிளந்தால் அது அவர்கள் சொன்னதால். நாலாகச் சிதறினால் அது நீங்கள் அவர்கள் சொன்னதைக் கேட்காததால். எப்படிப் பார்த்தாலும் பழி அவர்கள் பக்கம் வராது.

எங்கள் ரொசெந்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்க ரேடியோ பழுது பார்த்தவர். அவர் கைபட்ட ரேடியோ எதுவும் பிறகு வாய் திறந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் பெட்டி கரகரக்கிற சத்தத்தைக் கேட்டே உள்ளே எது போயிற்று என்று சொல்லிவிடுவார். போனதைப் போயிற்று என்று சொல்லுகிற வரைக்கும்தான் அவர் வித்தை. அதற்கு மேல் அந்த ரேடியோவின் தலையெழுத்து. கடையை மூடிய பிறகு அந்தக் காதைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் தேங்காய்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

அவர் மனைவி மிர்த்தா விவரமானவள். தேங்காய் உடைக்கிற நாட்களில் அவரை அடுப்பங்கரைக்குள் விடுவதில்லை. காலையிலேயே சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, தங்கை வீட்டில் அவர் இல்லாமல் வேலை ஓடாது என்று சொல்லி, தெருவில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவரும் அதை நம்புவார். தன்னை ஒருவர் வெளியே தள்ளுகிறார் என்பது மட்டும் இந்த இனத்தின் காதில் விழவே விழாது. மிர்த்தாவின் நிம்மதிக்கு விலை கொடுத்தவள் தங்கை தாமாரிஸ். தையற்காரி, கணவனை இழந்தவள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசிப் பழகாதவள். தேங்காய் தெரிந்தவருக்கு இப்படி ஒரு தங்கை கிடைத்தால் கேட்கவா வேண்டும்?

அந்தப் புனித வாரத்தில் தாமாரிஸுக்கு மனசில் ஒரு கனம் இருந்தது. எதிர்வீட்டில் இருப்பவள் அவளுடைய சொந்த அக்கா நூபியா, ரொசெந்தோவின் மூத்த தங்கை. ரொசெந்தோவின் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து நூபியா அவளோடு பேசுவதில்லை. ஏன் என்று தாமாரிஸுக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவளுக்கும் அதே ரத்தம், அதே வீம்பு. இரண்டு பேரும் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் வாசலைப் பெருக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். இப்போது நூபியா வீட்டைக் காலி செய்துவிட்டு, பொகோட்டாவில் இருக்கிற மகனோடு இருக்கப் போகிறாள். உயிர்த்த ஞாயிறு முடிந்து மறுநாள் பஸ். இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு வெள்ளிக்கிழமை இல்லை.

ஏன் வெள்ளிக்கிழமை? புனித வாரத்தில் எங்கள் தெருவில் எந்த அடுப்பும் அந்த வீட்டுக்கு மட்டும் எரிவதில்லை. துணி மூடிய தட்டுகள் தெருவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துகொண்டே இருக்கும். வாசலுக்கு வந்த தட்டை வேண்டாம் என்று திருப்ப யாருக்கும் துணிவு கிடையாது. கோர்ட்டில் வழக்கு நடத்துகிற இரண்டு வீட்டுக்காரர்கள்கூட அன்றைக்கு ஒருத்தர் சமைத்ததை மற்றவர் தின்றுவிட்டு, திங்கட்கிழமை மறுபடி வக்கீலைப் பார்க்கப் போவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், சூடு ஆறாத தேங்காய்ச் சோறு ஒரு தட்டு, மேலே வெள்ளைத் துணி. அக்கா வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினால் காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வரத்தான் வேண்டும். வந்தால் ஒரு வார்த்தையாவது பேசத்தான் வேண்டும். தாமாரிஸ் இவ்வளவையும் யோசித்து வைத்திருந்தாள். அண்ணன் வருவார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் எதையும் அடிக்கக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது, வெட்டுக்கத்தியை ஓங்கக் கூடாது. அன்றைக்கு அடிக்கிற அடியெல்லாம் சிலுவையில் தொங்குகிறவர் மேல் விழும். கடலில் இறங்கினால் மீனாகிவிடுவீர்கள் என்பது தனி. ஆகவே தேங்காயை வியாழக்கிழமையே உடைத்து, துருவி, பால் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டலாம், கிளறலாம். அதோடு சரி.

வியாழக்கிழமை காலையில் தாமாரிஸ் கூடையை எடுத்ததும் ரொசெந்தோ வாசலில் நின்றார். சந்தையில் அவர் பண்ணிய கூத்தைச் சொல்லி மாளாது. ஒரு காயைக் காதில் வைத்துக்கொண்டு, பின்னால் ஹாரன் அடித்த பஸ்காரனை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். இது கடலைப் பார்த்த மரத்துக் காய், இது கடலுக்கு முதுகு காட்டிய மரத்துக் காய் என்று பிரித்து வைத்தார். அவருக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. தேங்காய்க்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னண்ணே, பாவசங்கீர்த்தனம் கேக்கறீங்களா? அந்தக் காய் அப்படி என்ன பாவம் பண்ணுச்சாம்?"

"கேலி பண்ணாத. உன் காய்ல பாதி ஊமை" என்றார் ரொசெந்தோ.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாமாரிஸுக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தானாக வந்திருந்தால் மணிக்கூண்டில் அடுத்த மணி அடிப்பதற்குள் வீடு திரும்பியிருப்பாள். அண்ணன் பொறுக்கியெடுத்த எட்டுக் காய்களோடு அவள் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தலைக்கு மேல் ஏறியிருந்தது. கொல்லை மரத்தடியில் இரண்டு காய் விழுந்து கிடந்தன. அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவள் குனிந்தபோது, வீட்டு மரத்துக் காயில் என்ன இருக்கும் என்று அவர் அவற்றைக் காலாலேயே ஓரமாக உருட்டிவிட்டார். அவற்றை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. காசு கொடுக்காமல் கிடைப்பதில் தேர்ச்சியைக் காட்ட என்ன இருக்கிறது?

பிறகு அடுப்பங்கரையின் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் அவள் அடுப்புக்கும் தொட்டிக்கும் போய்வர வேண்டியிருந்தது. மெல்லிய கண்ணில் குத்தித் தண்ணீரை முதலில் எடு என்றார். அவள் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். கத்தியின் முதுகால் அடி என்றார். அவள் கத்தியின் முதுகால்தான் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி அடி என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் மூன்று காய் உடைந்துவிட்டது. அப்படியே இன்னும் கொஞ்சம் விளக்குவதற்காக நாலாவதைத் தானே வாங்கி ஒரு போடு போட்டார். அது கையை விட்டு நழுவி, வாசற்படியில் பட்டு, கோழியின் பக்கமாகப் போயிற்று. ஓடு கெட்டியான காய் என்று கோழியிடம் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். வினை வேறு இடத்தில் வந்தது. தேங்காய் புழங்குகிற வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு காயையும் தனித்தனியாக உடைத்து, மூலையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்ப்பார்கள். காறிப்போன காய் ஒன்று போதும், பாத்திரம் முழுக்கச் சோப்புக் கட்டி கரைந்த மாதிரி ஆகிவிடும். தாமாரிஸ் வழக்கம்போல ஒரு துண்டைக் கிள்ளி வாய்க்குக் கொண்டு போனாள். ரொசெந்தோ நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"என் காது கேட்டு எடுத்த காயை உன் பல்லு பாக்கணுமா?"

"இல்லண்ணே, எப்பவும் பண்றதுதான்…"

"நோன்பு நாள் வேற. வியாழக்கிழமை தின்னுக்கிட்டே சமைப்பாங்களா?"

பேரனின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோவில் படி மிதிக்காதவருக்கு நோன்பு ஞாபகம் வந்ததைப் பாருங்கள். தாமாரிஸ் துண்டைக் கீழே வைத்தாள். வைத்தபோதே அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அண்ணன், வாக்குவாதம் பண்ணினால் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோய் விற்பார், நாளைக்கு அக்கா வீட்டுக்குத் தட்டு போகிற நேரத்தில் இன்னொரு மனஸ்தாபம் வேண்டாம். ஒரு காயின் பருப்பு மட்டும் ஓரத்தில் மஞ்சளித்திருந்ததை அவள் பார்த்தாள். வாய் திறந்து கேட்டும்விட்டாள். எண்ணெய் நிறைய இருக்கிற காய் அப்படித்தான் இருக்கும் என்றும், எட்டில் அதுதான் முதல் தரம் என்றும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாத் துண்டுகளையும் தன் கையாலேயே ஒரே பாத்திரத்தில் கவிழ்த்தார். அன்று முழுக்க அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் தாமாரிஸ் நல்ல தட்டைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியை இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டு முதல் பாலை அடுப்பில் ஏற்றினாள். தித்தோத்தேயின் நிறம் பார்த்துச் சொல்ல ரொசெந்தோவும் வந்து சேர்ந்தார். பால் சூடேறியது. குளிரில் அடங்கிக் கிடந்த வாடை கொதி வருவதற்குள் மெல்ல எழுந்து, ஜன்னல் வரைக்கும் போயிற்று. தாமாரிஸ் அகப்பையில் தொட்டு நாக்கில் வைத்தாள். காறல். தொண்டையில் நின்று அறுக்கிற காறல். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

அப்போது ரொசெந்தோ பேசினாரே, அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதலில் தனக்கு வாடையே வரவில்லை என்றார். பிறகு வாடை பாத்திரத்தினுடையது என்றார். பாத்திரம் நேற்றுத்தான் புளி போட்டுத் தேய்த்தது என்று தெரிந்ததும், ஃபிரிட்ஜில் மீன் இருந்திருக்கும் என்றார். மீன் இல்லை என்றதும், அவள் கையில் சோப்பு இருந்திருக்கும் என்றார். அதுவும் இல்லை என்றதும் தேய்பிறையில் காய் வெட்டியவனைத் திட்டினார். அதன் பிறகு தேங்காய்க்காரி கூடைக்குள் காயை மாற்றி வைத்துவிட்டாள் என்று கண்டுபிடித்தார். நிலாவரைக்கும் போய் வந்தாரே தவிர, தன் காதுப் பக்கம் மட்டும் அவர் போகவே இல்லை. கடைசியில் பரிகாரமும் சொன்னார். வெல்லத்தை இரட்டிப்பாகப் போடு, பட்டையைத் தட்டிப் போடு, உலர்ந்த திராட்சையை அள்ளிப் போடு, ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருத்தருக்கும் தெரியாதா? நூபியாவுக்குத் தெரியாதா? துணியை விலக்கியதும் அக்காவின் முகம் எப்படி மாறும் என்று தாமாரிஸுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. பேச்சு நின்றுபோன தங்கை, ஊரை விட்டுப் போகிற நேரத்தில், வேண்டுமென்றே கெட்டுப்போனதைக் கொடுத்தனுப்பினாள் என்றுதானே நினைப்பாள்? இதை அனுப்புவதைவிட ஒன்றும் அனுப்பாமல் இருப்பது மேல். ஒன்றும் அனுப்பாவிட்டால் அவ்வளவுதான், அக்கா பஸ் ஏறிவிடுவாள். கடை எல்லாம் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டில் போய்ப் பால் கேட்டால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் எதிரில் அழவும் பிடிக்கவில்லை.

அவள் கொல்லைக்குப் போனாள். மரத்தடியில் கிடந்த இரண்டு காய்களின் மட்டையை, கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கம்பி முனையில் குத்தி உரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். வெட்டுக்கத்தியையும் எடுத்தாள். ரொசெந்தோவின் முகம் வெளுத்தது.

"இன்னிக்கா? தாமாரிஸ், இன்னிக்கு அடிச்சா அது யார் மேல விழும்னு தெரியும்ல?"

"தெரியும்ணே. யார் மேல விழணும்னும் தெரியும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அடித்தாள்.

அன்றைக்கு எங்கள் ஊரில் கோவில் மணிகூட அடிக்காது. ரேடியோ பாடாது, குழந்தைகளைக்கூட அதட்டுவதில்லை. அந்த அமைதியில் அந்த அடி தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஜன்னல்கள் திறந்தன. பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யார் வீட்டில் என்று ஒரு குரல் கேட்டது. தாமாரிஸ் வீட்டில் என்று பத்துக் குரல் சொன்னது. எதிர்வீட்டுக் கதவு திறந்து, நூபியா ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவைக் கடந்து, வாசலில் நிற்காமல், நேராக அடுப்பங்கரைக்குள் வந்து நின்றாள்.

"ஏண்டி, உனக்கு என்ன பைத்தியமா? இன்னிக்கு என்ன நாளு?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அக்கா அவளிடம் பேசிய முதல் பேச்சு இது. தாமாரிஸ் உடைந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திட்டைக் கேட்டபடி நின்றாள். அது காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். நூபியாவுக்கு அதற்குள் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அடுப்பில் இருந்த பாலைக் குனிந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, காறிப்போய்க் கெடக்கு. இதையா எனக்குக் குடுத்தனுப்பப் பாத்த?"

"இதைக் குடுத்தனுப்பக் கூடாதுன்னுதான்க்கா அடிச்சேன்."

நூபியா அடுப்பை விட்டு நிமிர்ந்தாள். இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியையும், பக்கத்தில் இருந்த தட்டையும் பார்த்தாள்.

"என் தித்தோத்தே கரிஞ்சு போச்சுன்னு சொன்னவளுக்கு என்மேல இவ்ளோ அக்கறையா?"

"நானா? நான் எப்பக்கா சொன்னேன்?"

"ஞானஸ்நானத்தன்னிக்கு, விருந்துக்கு நான் சமைச்சப்போ. அண்ணன்தான் வந்து சொன்னாரு. கரிஞ்சு போச்சு நூபியா, தாமாரிஸும் அதையேதான் சொல்றான்னு."

இந்த இனத்தாரின் கடைசிக் குணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். இவர்கள் ஒரு அபிப்பிராயத்தைத் தனியாக வெளியே அனுப்புவதில்லை. அந்த இடத்தில் இல்லாத யாரையாவது துணைக்குச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். அவ்வளவு பெரிய காது வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் சொல்லின்மேல் அவ்வளவு சின்ன நம்பிக்கை. ஒரு வார்த்தையை ஒப்பேற்ற ஒரு தங்கையை இன்னொரு தங்கையிடம் விற்றுவிட்டு, அதை மறந்தும்போய், இரண்டு வீட்டிலும் மாறி மாறிக் காப்பி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷன். இரண்டு தங்கைகளும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். ரொசெந்தோ மிச்சமிருந்த காயைக் காதோரம் வைத்து, கண்ணை மூடி, ஆட்டிக்கொண்டிருந்தார். பேச்சு நின்றதும் ஒரு விரலை உயர்த்தினார்.

"சத்தம் போடாதீங்க. இது நல்ல காயி."

நூபியா அவர் காதிலிருந்து அதைப் பிடுங்கித் தங்கை கையில் கொடுத்தாள். "அடிச்சது அடிச்சாச்சு. இதையும் அடி. பாவத்துல பாதி என்னுது" என்றாள். தாமாரிஸ் ஓங்கினாள். "அங்க இல்லடி, அந்தக் கோட்டு மேல அடி" என்றாள் நூபியா. இரண்டாவது அடியும் தெருவுக்குக் கேட்டது. இந்தத் தடவை இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டைக் கிள்ளி, மென்று பார்த்து, தலையாட்டிவிட்டுத்தான் துருவ உட்கார்ந்தார்கள். சோறு வெந்து இறங்கியபோது ஊர்வலம் கிளம்புகிற நேரமாகிவிட்டது. தட்டு தெருவைக் கடக்கவே இல்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழுதார்களா என்று கேட்காதீர்கள். அழுதார்கள்.

ரொசெந்தோ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தித்தோத்தே இன்னும் ஒரு நிமிஷம் கிளறியிருக்கலாம் என்றார்.

திங்கட்கிழமை நூபியா பஸ் ஏறினாள். தாமாரிஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகருகிற வரை பேசிக்கொண்டே நின்றாள். இப்போது ஞாயிறுதோறும் போன் வருகிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். முடியவில்லை. உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் படியில் கூட்டம் நின்றபோதே ரொசெந்தோ கதையைத் தொடங்கிவிட்டார். இரண்டு தங்கைகளையும் சேர்த்துவைக்க வேறு வழி தெரியாமல்தான் அந்தக் காறல் காயை ஏழோடு எட்டாக எடுத்தாராம். சந்தையில் அவ்வளவு நேரம் காது வைத்துக் கேட்டது வேறு எதற்காம்? நல்ல காயை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். வெளியே தெரியாமல் உள்ளே கெட்டுப்போன காயை எடுக்கத்தான் காது வேண்டுமாம். மிர்த்தாவும் அதையேதான் சொல்கிறாளாம். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், வெட்கக்கேடு, அடுத்த முறை தேங்காய் வாங்கப் போகும்போது அவரையும் கூட அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் சோற்றைக் கெடுத்த கதை அவர் குடும்பத்தைச் சேர்த்த கதையாக ஊரில் உலவுகிறது. தாமாரிஸ் அதைக் கேட்டும் கேட்காதவள் போலத் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவு நேரம் ரொசெந்தோவைப் பார்த்துச் சிரித்தீர்கள். சந்தோஷம். ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்த பாலைப் பற்றிப் படித்தபோது, அப்படி வைத்தால் ருசி போய்விடுமே என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? பருப்பு மஞ்சளித்திருந்தது என்றதும், 'நானாக இருந்தால் கடையிலேயே கண்டுபிடித்திருப்பேன்' என்று நினைத்தீர்களா இல்லையா? நூபியா கோட்டு மேல் அடிக்கச் சொன்னபோது உங்கள் தலை தானாக ஆடியதா இல்லையா? போகட்டும். உங்கள் அடுப்பங்கரையிலும் இன்றோ நாளையோ யாராவது தேங்காயைக் கையில் எடுப்பார்கள். சத்தம் கேட்கும். நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.